பூட்டிய கைப்பேசி

அமெரிக்காவில் படிப்பு முடித்து மீண்ட என் தங்கை மகன், தான் பயன்படுத்திய கைப்பேசியை எனக்குத் தந்தான். அதில் என் சிம் அட்டையைச் செருகினேன். திரை ஒளிர்ந்தது, ஆனால் பேச இயலவில்லை. அட்டையை ஏற்க முடியாது என்ற அறிவிப்பே நின்றது. கருவி பழுதோ என்று ஐயுற்றேன். பழுதன்று, பூட்டு! அப்பூட்டின் இயல்பை மாணவ நண்பர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

சிம் அட்டையினுள் ஓர் எண் பதிந்திருக்கிறது. நாம் பிறருக்குச் சொல்லும் தொலைபேசி எண் அன்று அது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்: அமெரிக்காவுக்கு 310 முதலியன, இந்தியாவுக்கு 404 முதலியன. அடுத்த இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். எந்த எண்களை ஏற்கலாம் என்பது பூட்டிய கைப்பேசியின் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். கோட்டை வாயிற்காவலன் முத்திரை மோதிரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதுபோல், கருவி அட்டையின் எண்ணை அக்குறிப்போடு ஒப்பிடுகிறது. ஒவ்வாவிடில், அவசர அழைப்பைத் தவிர வேறெதற்கும் வழிவிடுவதில்லை.

பூட்டுவது ஏன்? நிறுவனம் விலையுயர்ந்த கருவியைக் குறைந்த விலைக்கோ தவணைக்கோ தருகிறது. அப்பணத்தை மாதக் கட்டணத்தில் மீட்கிறது. அதுவரை வாடிக்கையாளர் பிறரிடம் போய்விடாமல் காப்பதே பூட்டின் நோக்கம்.

திறப்பதற்கு முன்னாளில் ஒரு மறைகுறி எண் போதும். கருவிக்குரிய 15 இலக்க அடையாள எண்ணைக் கூறினால், நிறுவனம் அதனைத் தரும். பன்முறை தவறாக இட்டால், அவ்வழியே அடைபட்டுவிடுவதும் உண்டு. இக்காலத்துக் கருவிகள் பலவற்றில், நிறுவனம் இசைவு தந்தவுடன் இணையத்தின் வழியாகவே பூட்டு அகல்கிறது.

இங்கு ஒரு வினா எழுகிறது. கடன் தீர்ந்த பின்னும் திறவுகோல் விற்றவர் கையில் இருப்பது முறையா? அமெரிக்காவில் 2013 ஜனவரி 26க்குப் பின் வாங்கிய கைப்பேசியை நிறுவனத்தின் இசைவின்றித் திறப்பது சட்டத்துக்குப் புறம்பாயிற்று. காரணம், பதிப்புரிமைச் சட்டத்தில் இருந்த விலக்கு புதுப்பிக்கப்படாமையே! ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு விண்ணப்பித்தனர். 2014 ஆகஸ்டு 1ஆம் நாள் அதிபர் ஒபாமா கையொப்பமிட்ட சட்டம் அவ்வுரிமையை மீட்டளித்தது. கனடா 2017 டிசம்பரிலிருந்தும், பிரிட்டன் 2021 டிசம்பரிலிருந்தும் பூட்டிய கைப்பேசி விற்பனையைத் தடுத்தன.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பூட்டைத் திறந்தாலும், கருவியின் அலைவரிசை நம் நாட்டு அலைவரிசைக்குப் பொருந்த வேண்டும். களவுபோனதென்று தடைசெய்யப்பட்ட கருவிக்கோ இத்திறப்பு உதவாது. அத்தடை வேறு, இப்பூட்டு வேறு.

என் கைப்பேசியின் கதை என்னவாயிற்று? மருமகன் தவணை முழுவதையும் செலுத்தியிருந்தான். திறக்கும்படி கேட்க மட்டும் மறந்திருந்தான். அவன் கேட்டு எழுதினான்; சில நாளில் பூட்டு அகன்றது. விலை கொடுத்தால் பொருள் கைக்கு வருகிறது. அதன் உரிமையோ, அறிந்து கேட்பவருக்கே முழுமையாக வருகிறது.