காது எழுதும் பிழைகள்

அமெரிக்க அரசியல் சாசனம் 1787இல் எழுதப்பட்டது. அதன் முதல் பிரிவின் பத்தாம் உட்பிரிவில், மாநிலத்தின் பரிசோதனைச் சட்டங்களைப் பற்றிய வரியில், 'அதனுடைய' என்ற பொருளில் 'இட்ஸ்' என்ற சொல் வருகிறது. அதன் கடைசி இரண்டு எழுத்துகளுக்கு நடுவே, மேலே ஒரு சின்னக் கொக்கி. இன்றைய ஆங்கில ஆசிரியர் பார்த்தால் சிவப்பு மையால் சுழிப்பார். ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் இப்படியொரு பிழையா? அன்று அது பிழையே அல்ல!

அந்தக் கொக்கிக்கு அபாஸ்ட்ரஃபி என்று பெயர். தமிழில் விடுகுறி என்று வைத்துக்கொள்வோம். ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று அறிவிப்பதுதான் அதன் முதல் வேலை. பிரெஞ்சு வழக்கத்தைப் பார்த்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலமும் அதை எடுத்துக்கொண்டது. 'டூ நாட்' சுருங்கி 'டோன்ட்' ஆகும்போது, மறைந்த 'ஓ' எழுத்தின் இடத்தில் விடுகுறி உட்காருகிறது.

அப்படியானால், 'அரசனுடைய' என்ற பொருள் தரும் 'கிங்ஸ்' என்ற சொல்லில் விடுகுறி ஏன் வருகிறது? அங்கே எந்த எழுத்து விட்டுப்போனது? உண்மையில் ஒன்று விட்டுத்தான் போயிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்கள் உடைமையைக் காட்ட 'இ', 'எஸ்' என்ற இரண்டு எழுத்துகளை விகுதியாக ஏற்றன. காலப்போக்கில் அந்த 'இ' ஒலி பேச்சில் தேய்ந்து மறைந்தது. அதன் இடத்தில் வந்த குறி, பிறகு எந்த எழுத்தும் மறையாத சொற்களிலும் பரவி, உடைமையின் அடையாளமாகவே மாறிவிட்டது.

'இட்ஸ்' என்ற சொல்லின் கதை இன்னும் விசித்திரமானது. ஆங்கிலத்தில் அஃறிணைக்கெனத் தனி உடைமைச் சொல் வெகுகாலம் இல்லை. ஆண்பாலுக்குரிய 'ஹிஸ்' அஃறிணைக்கும் வழங்கியது. 1600ஐ ஒட்டித்தான் 'இட்ஸ்' புழக்கத்துக்கு வந்தது. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளின் முதல் பதிப்பில் அந்தச் சொல் ஓரிடத்தில்கூட இல்லை. புதிதாக வந்த சொல்லைப் பலர் விடுகுறியோடு எழுதினார்கள், அரசியல் சாசனத்தை எழுதியவர் உட்பட. 'இட் இஸ்', 'இட் ஹாஸ்' ஆகியவற்றின் சுருக்கத்துக்கு மட்டுமே விடுகுறி, உடைமைக்கு வேண்டாம் என்ற பிரிவினை பின்னால்தான் உறுதிப்பட்டது.

விதி தெரிந்தவர்களும் இங்கே ஏன் வழுக்குகிறார்கள்? இரண்டு சொற்களுக்கும் ஒலி ஒன்றே. வேகமாக எழுதும்போது மூளை சொல்லை உள்ளுக்குள் ஒலித்துப் பார்க்கிறது. விரல்கள் அந்த ஒலியைப் பின்தொடர்கின்றன. 'வாழை' என்று எழுத நினைத்த கை 'வாளை' என்று எழுதிவிடுவது போலத்தான் இதுவும். 'செய்திருக்கலாம்' போன்ற பொருளில் வரும் ஆங்கில 'குட் ஹாவ்' பேச்சில் 'குடவ்' என்று தேய்கிறது. கேட்டவர் அதன் கடைசி ஒலியை 'ஆஃப்' என்ற சொல்லாக எடுத்துக்கொண்டு அப்படியே எழுதிவிடுகிறார். இலக்கணம் தவறு, ஆனால் காது கேட்டதென்னவோ சரி.

ஒருமை பன்மைக் குழப்பத்துக்குப் பின்னால் இருப்பது வேறொரு பொறி. அமெரிக்க உளவியலாளர்கள் கேத்ரின் பாக், கரோல் மில்லர் இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டுக் காட்டியது. வாக்கியத்தின் தொடக்கத்தைக் கொடுத்து, மீதியைச் சொல்லி முடிக்கச் சொன்னார்கள். 'அலமாரிகளின் சாவி' என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் சாவி முன்னாலும் அலமாரிகள் பின்னாலும் வரும். எழுவாய் ஒரே ஒரு சாவிதான். ஆனாலும் வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் 'அலமாரிகள்' அதைப் பன்மைக்கு இழுத்துவிடுகிறது. 'அலமாரியின் சாவிகள்' என்று மாற்றினால் ஒருமை அந்த அளவுக்கு இழுப்பதில்லை. பன்மைக்கே இழுவிசை அதிகம்!

ஒரு காற்புள்ளி இல்லாமல் போனதற்கு என்ன விலை? அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டம், கூடுதல் நேர ஊதியம் பெறாத வேலைகளைப் பட்டியலிட்டிருந்தது. அதன் கடைசிப் பகுதி, 'அனுப்புவதற்காக அல்லது விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுதல்' என்றும் படிக்கலாம், 'பொட்டலம் கட்டுதல், விநியோகித்தல்' என்று இரண்டு வேலைகளாகவும் படிக்கலாம் என்ற நிலையில் இருந்தது. 'அல்லது' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு காற்புள்ளி இருந்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள், விநியோகம் மட்டுமே செய்யும் தங்களுக்கு விலக்கு பொருந்தாது என்று வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அன்றைய மதிப்பில் 30 கோடி ரூபாய்க்கு மேல். மெய்ன் சட்டமன்றமோ அந்தப் பட்டியலை அரைப்புள்ளிகள் போட்டுத் திருத்தி எழுதியது.

ஆகவே பிழைகள் கண்ட இடத்தில் முளைப்பதில்லை. ஒலி ஒன்றாகி எழுத்து பிரியும் இடம், எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே இன்னொரு பெயர் புகும் இடம், பட்டியல் முடியும் இடம் ஆகிய இந்த மூன்றிலும் அவை திரும்பத் திரும்ப வரும். திருத்தும்போது முதலில் அங்கே தேடுங்கள். விடுகுறி போட்ட 'இட்ஸ்' கண்ணில் பட்டால் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்று விரித்துப் படியுங்கள். வாக்கியம் நின்றால் குறி இருக்கட்டும், இடறினால் எடுத்துவிடுங்கள். நம்மைத் தடுமாற வைத்த அதே காது, இந்த முறை பிழையைத் தானே பிடித்துக் கொடுக்கும்.