ஊரை மாற்றிய ஓட்டக்காரி!

குட்டீஸ்... காலில் இரும்புப் பட்டை மாட்டி நடந்த ஒரு சிறுமி, பின்னாளில் உலகிலேயே வேகமான பெண் ஆனார் என்றால் நம்புவீர்களா?

அவர்தான், வில்மா ருடால்ஃப். 1940ல், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அப்பாவுக்கு மொத்தம் 22 பிள்ளைகள், இவர் 20வது! இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் வலுவிழந்தது. கறுப்பர்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனையோ, 80 கி.மீ., தள்ளி நாஷ்வில் நகரில் இருந்தது. அம்மா வாரந்தோறும் பஸ்சில் அழைத்துப் போவார். வீட்டில் அண்ணன், அக்காமார் முறை வைத்துக் காலை நீவி விடுவர்.

1960, ரோம் ஒலிம்பிக். 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் தங்கம். ரிலே ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில், குச்சியை வாங்கும்போது கை தடுமாறியது. பின்தங்கியவர், விரட்டிப் பிடித்து முந்தினார். மூன்றாவது தங்கம்!

பதக்கங்களை விட எனக்குப் பிடித்தது, அடுத்து நடந்ததுதான். சொந்த ஊரான கிளார்க்ஸ்வில்லில், வரவேற்பு ஊர்வலமும், விருந்தும் ஏற்பாடாயின. அக்காலத்தில் அங்கே வெள்ளையருக்கும், கறுப்பருக்கும் எல்லாமே தனித்தனி. அப்படிப் பிரித்து நடத்தினால் வரமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார், 20 வயது வில்மா.

ஊர் இறங்கி வந்தது. இரு இனத்தாரும் சேர்ந்து கலந்து கொண்ட முதல் ஊர்வலத்தை, அந்நகரம் அன்றுதான் பார்த்தது. இரவு விருந்திலும் ஒன்றாகவே அமர்ந்து சாப்பிட்டனர்.