சம்பாப் பயிரும் வடிகாலும்

கடலூர், சிதம்பரம் பகுதிகளுக்குப் புயலும் பெருமழையும் புதியனவல்ல. ஆயினும் அவற்றின் கடுமை மிகுந்து வருகின்றது. காற்று ஒரு டிகிரி சென்டிகிரேடு சூடேறினால், அது தாங்கும் நீராவி ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு கூடும். மழையும் கனத்துப் பொழியும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி, பலா மரங்களை வீழ்த்திற்று. 2015 நவம்பர் மழையிலும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை பெருகியபோதும் நெல்வயல்கள் மூழ்கின.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட சிதம்பரம் நஞ்சை தாழ்ந்த நிலமாகும். பயிரைக் கெடுப்பது வெள்ளம் வருதலன்று, தங்குதலே. ஆகவே ஐப்பசி பிறக்குமுன் வடிகால்களிலுள்ள ஆகாயத்தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் களைதல் அவசியம். மேற்புறம் மட்டும் வெட்டினால் கீழ்வயல் மூழ்கும். கடைமடையிலிருந்து மேல்நோக்கி ஊரார் கூடிச் செய்தலே முறை. கிராம அதிகாரிகள் அடைப்புள்ள இடங்களைப் புரட்டாசியிலேயே குறித்து மேலிடத்திற்குத் தெரிவிப்பாராக.

தாழ்ந்த வயல்களுக்கு ஸ்வர்ணா சப்-1, சி.ஆர். 1009 சப்-1 நெல் வகைகள் ஏற்றவை. இளம்பருவத்தில் இவை இரண்டு வாரம் வரை மூழ்கியிருந்தும் பிழைக்கும். கதிர் வந்தபின் இக்குணம் உதவாது. அப்பொழுது வடிகாலே காவல்.