காதுக்குள் ஓர் அலமாரி

1982-ஆம் வருடம். இட்டார்சிக்குப் பக்கத்தில் ஒரு செக்ஷனில் பி.டபிள்யூ.ஐ.யாக, அதாவது இருப்புப் பாதை இன்ஸ்பெக்டராக, புதிதாகச் சேர்ந்திருந்தேன். டிப்ளமா முடித்த சூடு ஆறாத வயது. இந்தியைப் புத்தகத்தில் படித்துத் தேறியிருந்தேன். ஒரு நாள் விடியற்காலையில் லெவல் கிராசிங் கேட்டிலிருந்து கேங் மேட் போன் செய்தார். ஆட்களை அனுப்பச் சொல்லிவிட்டு, கடைசியில், "ஜாக் சாத் பேஜ்னா" என்றார். சாத் என்றால் ஏழு. என்னிடம் இருந்தவை ஆறு. ஏழாவதைப் பக்கத்து கேங்கில் இரவல் வாங்கி, டிராலியில் ஏற்றி அனுப்பிவைத்தேன்.

அவர் கேட்டது ஒரே ஒரு ஜாக். "ஆட்களோடு கூடவே அனுப்புங்கள்" என்றுதான் சொல்லியிருக்கிறார். 'கூட' என்பதற்கும் இந்தியில் சாத்துதான். ஆனால் அதன் முடிவில் கொஞ்சம் மூச்சுக்காற்று சேர வேண்டும். நம் எழுத்தில் இதைப் பிரித்து எழுதிக் காட்டக்கூட வழியில்லை. மறுநாள் அந்த மேட் என் எதிரில் நின்று இரண்டையும் பத்துத் தடவை சொல்லிக் காட்டினார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. பிறகு என் உள்ளங்கையைத் தம் வாய்க்கு எதிரே பிடித்துக்கொண்டு சொன்னார். வித்தியாசம் கைக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அறுபதுக்கு இந்தியில் சாட். அதையும் ஏழையும் நான் ஒரு நாளும் குழப்பிக்கொண்டதில்லை. ஏனென்றால் டகரமும் தகரமும் நம் வீட்டுச் சரக்கு. அதே இரண்டையும் ஒரு வெள்ளைக்காரர் கேட்டால் திணறிப்போவார்.

நான் மொழியியல் படித்தவன் அல்ல. ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் ஒரு காரியம் நடந்ததால் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் காரியத்தைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் காலத்து புக்கிங் ஆபீசில் அட்டை டிக்கெட் அடுக்கிய அலமாரியை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஊருக்கு ஒரு குழி. பயணி எப்படிக் கேட்டாலும், இழுத்துச் சொன்னாலும், இருமிக்கொண்டே சொன்னாலும், கிளார்க்கின் கை அந்தந்த ஊர்க் குழிக்குத்தான் போகும். நம் மூளையிலும் பேச்சொலிகளுக்கு இப்படி ஓர் அலமாரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மனிதர் இரண்டு தடவை 'க' என்று சொன்னால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாய் இருப்பதில்லை. கிழவர் சொல்வது ஒரு மாதிரி, குழந்தை சொல்வது வேறு மாதிரி. ஆனாலும் அத்தனையையும் ஒரே குழியில் போட்டுவிடுகிறோம். இந்தக் குழிக்கு மொழியியலார் வைத்திருக்கும் பெயர் ஒலியன்.

நம்முடைய குழி எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் உதாரணம். 'பாம்பு' என்று சொல்லிப் பாருங்கள். முதல் பகரத்தில் தொண்டை அதிர்வதில்லை, இரண்டாவதில் அதிர்கிறது. இந்திக்காரருக்கு அவை இரண்டு தனி எழுத்துகள். நமக்கு ஒன்றே. வாய் இரண்டு விதமாகச் சொல்கிறது, மனம் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அமெரிக்க அறிஞர் எட்வர்ட் சபீர் 1933-இலேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். பேசுகிறவன் தன் காதில் விழும் வெறும் ஒலியை அல்ல, தன் மொழி பிரித்து வைத்திருக்கும் ஒலியனைத்தான் கேட்கிறான் என்பது அதன் சாரம்.

சரி, இந்த அலமாரியை எப்போது கட்டுகிறோம்? நான் பள்ளிக்கூட வயதில் என்று நினைத்திருந்தேன். இல்லை, முதல் பிறந்தநாளுக்குள்ளேயே பெரும் பகுதி வேலை முடிந்துவிடுகிறதாம்!

ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் 1984-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதில் பிரசித்தம். அவர்கள் எடுத்துக்கொண்ட ஒலிகளில் நம் வடக்கத்திய இந்தியின் டகர, தகரமும் உண்டு. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தையை மடியில் உட்காரவைத்து ஓர் ஒலியையே திரும்பத் திரும்பப் போடுவார்கள். ஒலி மாறும்போது குழந்தை தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை விளக்கெரிந்து ஆடும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டன. பெற்றோருக்கே கேட்காத வித்தியாசம்! ஆனால் பத்து, பன்னிரண்டு மாதத்தில் அதே வீட்டுக் குழந்தைகளில் ஒரு சிலவே தலையைத் திருப்பின. இந்தி வீட்டுக் குழந்தைகளோ அந்த வயதிலும் தவறாமல் திருப்பின. ஆக, எல்லா ஒலியையும் பிரித்துக் கேட்கும் காதோடு பிறந்து, அக்கம்பக்கத்தில் புழங்கும் ஒலிகளுக்கு மட்டும் குழி வைத்துக்கொள்கிறோம். பயணி வராத ஊருக்கு எந்த ஸ்டேஷனில் டிக்கெட் அடுக்கி வைப்பார்கள்?

இனி எங்கள் வீட்டுக் காரியம். என் மூத்த பேரனுக்கு இப்போது ஏழு வயது, பிறந்தது போபாலில். அப்போது எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி. நானும் மனைவியும் வேறு ஊரில் இருந்தோம். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்ட அம்மாள் இந்திக்காரர். தமிழும் காதில் விழட்டும் என்று போனில் தமிழ்ப் பாட்டு போட்டு வைத்தார்கள். நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். ஓய்வு பெற்று வந்த பிறகு ஒரு நாள் கடைத்தெருவில் அவன் என் கையை உதறிவிட்டு, "தாத்தா, எனக்கு வலி தெரியும்" என்று முன்னால் ஓடினான். வழி தெரியும் என்கிறான்! அவன் வாயில் வழியும் வலியும் ஒன்று, கிளியும் கிலியும் ஒன்று. நம் மொழியின் பெயரையே இந்தியில் 'தமில்' என்றுதானே எழுதுகிறார்கள்.

"நாக்கை மடித்துச் சொல்லுடா" என்று நானும் பல நாள் அதட்டினேன். பிறகுதான் அந்த மேட் ஞாபகம் வந்தது. மேஜையில் ஒரு உருண்டை புளியையும் ஒரு புலிப் படத்தையும் வைத்தேன். என் வாயைப் பார்க்காமல் திரும்பி நின்று, நான் சொல்வது எது என்று கையால் காட்டச் சொன்னேன். இருபது தடவையில் பத்து சரி. குருட்டாம்போக்கில் காட்டினாலும் பத்து வரும்! பிசகு நாக்கில் இல்லை. என் காதுக்குச் சாத் எப்படியோ, அவன் காதுக்குப் புளி அப்படி. கேட்காததை எப்படிச் சொல்வான்?

போனில் போட்ட பாட்டு ஏன் பலிக்கவில்லை? பட்ரீஷியா கூல் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும் 2003-இல் இதற்கு ஒரு பதில் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் பன்னிரண்டு தடவை உட்கார்ந்து புத்தகம் படித்தார்கள், விளையாடினார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலி வேறுபாடு பிடிபட்டது. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டெலிவிஷனில் பார்த்த குழந்தைகளுக்கும் ஒலிநாடாவில் கேட்ட குழந்தைகளுக்கும் ஒன்றும் ஏறவில்லை. முகம் பார்த்துப் பேச ஓர் ஆள் வேண்டும் போலிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் அலமாரிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை எறிந்துவிடுவதில்லை. ஜப்பானியப் பெரியவர்களுக்கு ஆங்கிலத்தின் ரகர லகரம் பிரிபடாது. 1991-இல் அமெரிக்காவில் சிலருக்கு மூன்று வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் தேர்ச்சி கூடியது. பலருடைய குரல்களில் சொற்களைக் கேட்கவைத்து, சரியா தப்பா என்று உடனுக்குடன் சொன்னார்கள். 2002-இல் வந்த இன்னொரு ஆராய்ச்சி நம் வீடுகளுக்கே எழுதியது போல் இருக்கிறது. சிறு வயதில் ஸ்பானிய மொழியைப் பேசாமல், வீட்டில் காதால் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள், வயது வந்து அதைப் படித்தபோது புதிதாகப் படித்தவர்களைவிட உச்சரிப்பில் நன்றாகவே இருந்தார்களாம். "நாங்கள் தமிழில் பேசினால் பையன் இந்தியில்தானே பதில் சொல்கிறான், எதற்கு வீண்" என்று நம் சங்கத்தில் அலுத்துக்கொள்ளும் அப்பாக்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன். பதில் எந்த மொழியில் வந்தால் என்ன, காது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் இரவு சாப்பாடு ஆனதும் புளி-புலி ஆட்டம் நடக்கிறது. ஒரே குரல் கூடாதென்பதால் நான், மனைவி, மருமகள், மாடி வீட்டு மாமி என்று ஆளுக்கு ஐந்து தடவை சொல்கிறோம். ழகரத்தில் மட்டும் ஒரு சிக்கல். மனைவி மதுரைக்காரி, அவளுக்கு வாழைப்பழம் வாளைப்பளம்தான். ஆகையால் அந்த இலாகா என்னுடையது. ரகரமும் ழகரமும் நாக்கு நுனியை உயர்த்தி மேலண்ணத்தை வருடப் பிறப்பவை என்று தொல்காப்பியம் பிறப்பியலில் இருக்கிறது. அதைப் படித்த பிறகு நானே கண்ணாடி முன் நின்று என் ழகரத்தைச் சரிபார்த்துக்கொண்டேன். சின்னப் பேத்திக்கு எட்டு மாதம். பாட்டி இடுப்பில் உட்கார்ந்து எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் இருபதுக்குப் பதினாறு வாங்கினான். உடனே, "இப்போ உன் டர்ன், தாத்தா" என்று என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிற்கவைத்து, ஏழுக்குச் சாத்தையும் கூடவுக்குச் சாத்தையும் மாற்றி மாற்றிச் சொன்னான். நாற்பது வருடத்துக்கு மேல் இந்தி பேசிய எனக்கு இருபதுக்குப் பன்னிரண்டு.