நாவுக்கு முன் விரல் பேசும்



"பிள்ளைகள் பேசிவிட்டார்களா ஐயா?" உங்கள் சபைகளுக்கு வரும்போதெல்லாம் நீங்கள் எங்களிடம் கரிசனையோடு கேட்கும் கேள்வி இது. ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் எங்களால் பதில் சொல்ல முடிவதில்லை. அதன் காரணத்தை விளக்கவே இதை எழுதுகிறோம்.

பொதுவாக ஒரு வயதையொட்டிப் பிள்ளைக்கு முதல் சொல் வரும். இரண்டு வயதில் "அம்மா வா" என்று இரு சொற்களைச் சேர்க்கும். அப்படி வராதபோது நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்தும், "இவன் அப்பனும் தாமதமாத்தான் பேசினான்" என்ற பாட்டியின் ஆறுதலை நம்பியும் பலர் காத்திருந்துவிடுகிறார்கள். காத்திராமல் அழைத்து வருவதே நல்லது.

நமது ஆஸ்பத்திரியில் முதலில் பரிசோதிப்பது நாக்கை அல்ல, காதை. கேளாத சொல்லைப் பிள்ளை எப்படிச் சொல்லும்? மாற்கு 7ஆம் அதிகாரத்தில், காது கேளாமல் பேச்சும் திருத்தமாக வராதிருந்த மனிதனைத் தனியே அழைத்துப்போன நம் ஆண்டவரும் முதலில் அவன் காதுகளில்தான் விரல் வைத்தார்.

காது நன்றாயிருந்தாலும் பேச்சுக்கு முன்னே சில படிகள் உண்டு. முகம் பார்ப்பது, பெயர் சொன்னால் திரும்புவது, வேண்டியதை விரலால் காட்டுவது, பந்தைக் கொடுத்து வாங்கி விளையாடுவது ஆகியவை அவை.

நான்கு வயதுப் பையன் ஒருவனின் தகப்பனார் கட்டட வேலை செய்கிறவர். வாரம் ஒருநாள் கூலியை இழந்து, இரண்டு பஸ் மாறி வருவார். மூன்று மாதமானதும், "ஒரு வார்த்தைகூட வரல ஐயா. அடுத்த வாரத்தோட நிறுத்திக்கிறோம்" என்றார். அவரைத் தேற்ற எங்களிடம் சொல் இல்லை.

தாயார் தயங்கித் தயங்கி, "முன்னெல்லாம் தண்ணி வேணும்னா தரையில தலையை முட்டிக்கிட்டு அழுவான். நேத்து குடத்தைக் காட்டிட்டு என் முகத்தைப் பார்த்தான்" என்றார்.

பேச்சுப் பயிற்சியளிக்கும் சகோதரி எழுந்தே நின்றுவிட்டார்கள். "அண்ணே, இதுக்குத்தான் மூணு மாசமா காத்திருக்கோம். கேட்டா அம்மா கொடுப்பாங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. பேச்சுக்கு இதுதான் வேர்" என்றார்கள்.

அன்று தாயாருக்கு ஒரு வீட்டுப் பயிற்சி கொடுக்கப்பட்டது. டம்ளர் நிறையக் கொடுக்காமல் ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, "தண்ணி" என்று சொல்லி, மனதிற்குள் பத்து எண்ணும்வரை அவன் முகத்தையே பார்த்திருக்க வேண்டும். கை காட்டினாலும் சத்தமிட்டாலும் உடனே கொடுத்துவிட வேண்டும். சொன்னால்தான் தருவேன் என்று பிடிவாதம் கூடாது. வாரத்தில் ஒரு மணி நேரம் இங்கே செய்வது, தினமும் அடுப்படியில் தொடர்ந்தால்தான் பலன் தரும்.

அவர்கள் நிறுத்தவில்லை. ஐந்து வாரங்களுக்குப்பின் "த்தா" என்று ஒரு சத்தம் வந்தது. அது "தண்ணி"யா, "தா"வா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவன் தாயாருக்குத் தெரிந்தது. தகப்பனார் அதைச் சொல்வதற்காகவே, வேலை நாளில், அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல் வரும் என்று நாங்கள் வாக்குக் கொடுப்பதில்லை. மூளை வாதமுள்ள சிலர் படப்பலகையைத் தொட்டே தங்கள் விருப்பத்தைத் தெரிவிப்பார்கள். அதுவும் பேச்சுதான்.

உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி இக்குடும்பங்களின் பஸ் கட்டணமாகிறது. அடுத்த முறை, "பேசிவிட்டார்களா?" என்பதோடு, "இந்த வாரம் எதைக் காட்டினார்கள்?" என்றும் எங்களிடம் கேளுங்கள். சொல்வதற்கு எங்களிடம் நிறைய உண்டு.