உஷார்! மொட்டைமாடியில் டிரோன் ஏற்றும் முன் ஒரு நிமிஷம்!

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் குடியிருக்கிறீர்களா? வீட்டில் விசேஷம் வருகிறதா? வீடியோக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கேம்ப் ரோடு பக்கம் ஒரு குடும்பம். புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். வீடியோ எடுக்க வந்தவன் சின்னப் பையன். வாசலில் வாழைமரம், மாடியில் பந்தல், எல்லாவற்றையும் மேலிருந்து ஒரு 'டாப் ஷாட்' எடுக்க ஆசைப்பட்டு டிரோனை ஏற்றிவிட்டான். விமானப்படைப் பயிற்சி நடக்கிற நேரம். சின்ன விமானம் ஒன்று இரைந்துகொண்டு தலைக்கு மேல் திரும்பியது. பையனுக்குக் கை உதறல் எடுத்துவிட்டது. கையிலிருக்கும் திரையைப் பார்ப்பதா, வானத்தைப் பார்ப்பதா? டிரோன் எதிர்வீட்டு சின்டெக்ஸ் தொட்டியில் மோதி, துணி காயப்போட்டிருந்த கொடியில் விழுந்தது. அங்கே ஒரு பாட்டி நின்றிருந்தார். மயிரிழையில் தப்பினார். சாயங்காலமே போலீஸ் வந்தது. டிரோனும் மெமரி கார்டும் போயின. வந்தவர்களுக்குப் பந்தி பரிமாற வேண்டிய வீட்டுக்காரர் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்கு மேல நாங்க பறக்கவிட்டா என்னங்க தப்பு?" என்று அந்த வீட்டு அம்மா அழுதார்.

தப்புதான் அம்மா. உயிரோடு விளையாடுகிற தப்பு.

தாம்பரம் விமானப்படை நிலையத்தில், விமானிகளுக்குக் கற்றுத்தருகிற பயிற்றுநர்களையே உருவாக்கும் பள்ளி 1954 முதல் இயங்குகிறது. பயிற்சி என்றால் ஏறுவது, வளைவது, இறங்குவது, மறுபடி ஏறுவது. அங்கிருந்து நேர்கோட்டில் பத்து கிலோமீட்டர் சொச்சத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம். தாம்பரத்தில் விமானங்களை வழிநடத்துவது விமானப்படை. மீனம்பாக்கத்தில் இந்திய விமான நிலைய ஆணையம். இரண்டு கட்டுப்பாட்டுக் கோபுரங்களுக்கும் நடுவே ஒரே வானம். அதனால் எந்த விமானம், எந்த உயரத்தில், எந்தப் பக்கம் என்று இரு தரப்பும் ஓயாமல் பேசிவைத்துக்கொள்கிறார்கள். சிவில் கட்டுப்பாட்டு மையத்தோடு சேர்ந்து வேலைசெய்ய விமானப்படையின் தொடர்புப் பிரிவே தனியாக இருக்கிறது. 2024 அக்டோபரில் விமானப்படையின் மெரினா வான்சாகசத்துக்காக மீனம்பாக்கத்தில் சில மணி நேரம் விமானங்களையே நிறுத்திவைத்தார்கள். அவ்வளவு கவனம்.

இத்தனை பேச்சிலும் உங்கள் டிரோன் இல்லை. அது பறப்பது இரண்டு கோபுரங்களுக்கும் தெரியாது. விமானிக்கும் தெரியாது. தெரிகிறபோது நேரம் கடந்திருக்கும்.

"விமானம் வந்தா இறக்கிடுவேன் சார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழக்கமான சரிவில் இறங்குகிற விமானம், ஓடுபாதைக்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்னால் வரும்போது சுமார் 80 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். டிரோன் சர்வசாதாரணமாக எட்டுகிற உயரம் அது. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தாலும் பத்து நொடியில் 400 மீட்டரைத் தாண்டிவிடும். உள்ளே இருப்பவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே!

2025 நவம்பர் 14 அன்று பயிற்சி விமானம் ஒன்று திருப்போரூர் பக்கம் விழுந்து நொறுங்கியது. விமானி பாராசூட்டில் தப்பினார். அதற்கும் டிரோனுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. இந்த வானத்தில் ஆபத்து ஏற்கெனவே இருக்கிறது, நாமும் சேர்க்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இன்னும் சில பேச்சுகளைக் கேட்டால் உடனே உஷாராகுங்கள். "250 கிராமுக்கும் கம்மி, பர்மிஷன் வேண்டாம்" என்பார்கள். பொய். குட்டி டிரோனுக்கு பைலட் சான்றிதழ்தான் வேண்டாம். தடைப்பகுதி அதற்கும் தடைப்பகுதிதான். "போன வாரம்கூட இங்கே எடுத்தேன்" என்பார்கள். மாட்டவில்லை, அவ்வளவுதான். "ஆன் பண்ணினா எழும்புது, அப்போ ஓகே" என்பது இன்னொன்று. எழும்புவது அனுமதி ஆகாது. டிரோனுக்குப் பதிவு எண் கேளுங்கள். தலையைச் சொறிந்தால், வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள்.

கேமராவில் விமானப்படை வளாகம் பதிவாகிவிட்டால்? ராணுவ நிலையங்கள் 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட இடங்கள். கல்யாண வீடியோதான் என்று நீங்கள்தான் நிரூபிக்க அலைய வேண்டும். டிரோன் விதிகளை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஓர் உயிருக்கு ஆபத்து என்று வழக்கு போனால், 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புது விமானச் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டிரோன் ஏற்றுகிற பையனின் பாஸ்போர்ட், வேலை எல்லாவற்றையும் யோசித்துப் பாருங்கள்.

லேசர் விளக்கும் அதே ரகம். 2025 மே 25 அன்று, துபாயிலிருந்து 300 பேருக்கு மேல் ஏற்றிவந்து மீனம்பாக்கத்தில் இறங்கவிருந்த விமானத்தின் மீது தரையிலிருந்து யாரோ லேசர் அடித்தார்கள். போலீஸ் எச்சரித்தும் அடுத்த மாதமே மறுபடி நடந்தது. இறங்குகிற நொடியில் விமானிக்குக் கண் கூசினால் என்ன ஆகும்? திருவிழாவில் வாங்கிய அந்தச் சாமான் உங்கள் பிள்ளையின் கையில் இருந்தால் இன்றைக்கே வாங்கி வையுங்கள்.

மறுபடி டிரோனுக்கே வருவோம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் அதை ஓர் அடி உயரம்கூடப் பறக்கவிடக் கூடாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிதான் உச்சவரம்பு. மத்திய அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் உங்கள் தெரு எந்த நிறத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சிவப்பு என்றால் மத்திய அரசு அனுமதி இல்லாமல் தொடவே வேண்டாம். பக்கத்து மாடியில் யாராவது ஏற்றினால், சண்டை போடாமல் 112-க்கு ஒரு போன் போடுங்கள்.