தூண்டிலும் தாய்மீனும்



நற்செய்தியில் மீன் என்றதும் நம் நினைவுக்கு வருவது வலைதான். தூண்டில் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. கோவில் வரி செலுத்துவதற்காக, கடலில் தூண்டில் போடும்படி இயேசு பேதுருவை அனுப்புகிறார் (மத் 17:27). அன்றைய தேவைக்கு ஒரு மீன் போதுமானதாக இருந்தது.

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரியும் தண்ணீர், கர்நாடகத்துக் காடுகளில் பாறைகளுக்கு இடையே பாய்ந்து வந்த காவிரித் தண்ணீர். அந்தப் பாறை மடுக்களில் திமில் மஷீர் என்னும் பெருங்கெண்டை வாழ்கிறது. காவிரியையும் அதன் துணையாறுகளையும் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. 1946-இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ இருந்தது!

ஆற்றில் வெடி போட்டு மீன் பிடிப்பவர்களால் இந்த இனம் அழியும் நிலை வந்தது. 1972-இல் பெங்களூரில் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்கு சங்கம், ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. தூண்டிலில் பிடிக்கலாம், எடை பார்த்துவிட்டு உயிரோடு விட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள் சிலரே காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். சக்கேயுவின் மனமாற்றம் நமக்கு நினைவு வருகிறது.

ஆனால் நல்லெண்ணமும் தவறு செய்யும். மீனைப் பெருக்குவதற்காக, மகாராட்டிர மாநிலம் லோனாவாலாவில் பொரித்த நீலத்துடுப்பு மஷீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். மஷீர் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்திருப்பார்கள். கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதி வைத்த கணக்கை அறிஞர்கள் ஆராய்ந்தபோது, வந்த மீன் பெருகியதும் சொந்த மீன் குறைந்ததும் தெரிந்தது. சிக்கிய திமில் மஷீர்கள் வரவர பெரிதாக இருந்தன. பார்ப்பவருக்கு மகிழ்ச்சிதான். உண்மையில் குட்டி மீன்களே இல்லை என்பதுதான் அதன் பொருள். முதியோர் மட்டும் இருந்து தொட்டில் ஆடாத வீடு போல.

கேரளத்தின் பாம்பாற்றில் 2007-இல் பெயரிடப்பட்ட மீனும் இதுவும் ஒன்றே என்று 2018-இல்தான் உறுதியாயிற்று. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்தில் தூண்டில் போடுவதும் வேட்டையே என்று சட்டத்துக்குப் பொருள் கொள்ளப்பட்டதால், அந்த முகாம்களில் தூண்டில் நின்றுபோனது. சட்டத்தைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் தூண்டிலோடு, நாள்தோறும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களும் அகன்றுவிட்டன.

நம் வாய்க்கால்களில் மஷீர் இல்லை, விரால் உண்டு. சிவந்த குஞ்சுகள் கூட்டமாக மிதக்க, அடியில் காவல் நிற்கும் பெரிய விராலுக்குத்தான் பலரும் தவளையைக் கோர்த்துப் போடுகிறோம். குஞ்சை நெருங்கும் எதையும் அது பாய்ந்து கடிக்கும். அதனால் எளிதில் சிக்கும். அது போய்விட்டால் குஞ்சுகள் கெளுத்திக்கும் கொக்குக்கும் இரை. கூட்டில் குஞ்சுகளோடு இருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்காதே, போக விடு என்று இணைச்சட்டம் (22:6-7) கட்டளையிடுகிறது. இந்த ஆண்டு ஆற்றில் தண்ணீர் வந்ததும் தூண்டிலோடு கரைக்குப் போகும் நம் பங்கு இளைஞர்கள், குஞ்சுக் கூட்டம் தெரிகிற இடத்தை விட்டு இருபதடி தள்ளி உட்காரட்டும்.